தூர்

ஜேசிபி ஓட்டுகிற அண்ணனுக்கும் எனக்கும் முதல் சண்டை வந்தது ஒரு தூரால்தான். சீமைக்கருவேலத்தின் தூர். மேலே மட்டும் வெட்டிப் போட்டால் நாலு மழைக்குள் பழையபடி தழைத்துக்கொண்டு நிற்கும், தூரோடு தோண்டி எடுத்தால்தான் சாகும் என்பது அவர் கட்சி. அதில் ஒரு தப்பும் இல்லை, அந்த மரத்தின் குணம் அப்படித்தான். தூரைத் தொடாதீங்க, தரையோடு அறுத்து விடுங்க என்பது என் கட்சி. "அப்ப எங்கள எதுக்கு மேடம் வரச்சொன்னீங்க? நாலு ஆளுக்கு அருவாளக் குடுத்தா முடிஞ்சுபோச்சே" என்று கேட்டுவிட்டு வண்டியை நிறுத்தினார். மணிக்கணக்கு வாடகைக்கு வந்த வண்டி. அது சும்மா நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் யார் கணக்கில் ஏறும் என்று யோசித்தபடி நான் அந்தத் தூருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டேன். வேறு வழி தெரியவில்லை.

இடம் தேவிபட்டினத்துக்கு வடக்கே, கடலிலிருந்து கூப்பிடு தூரம். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏன் என்பது பின்னால் வரும்.

என் வேலையைச் சொந்தக்காரர்களிடம் விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. தொல்லியல் படித்தவள், ஆனால் நான் அகழாய்வு செய்வதில்லை. இந்த நிலத்தை மீட்கப் போகிறோம், காடு வளர்க்கப் போகிறோம், அலையாத்தி நடப் போகிறோம் என்று யாராவது கிளம்பினால், அவர்கள் மண்ணில் கை வைப்பதற்கு முன்னால் போய் நடந்து பார்த்து, உள்ளே பழசு எதுவும் கிடக்கிறதா என்று சொல்ல வேண்டும். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். "அப்ப நீ தோண்ட மாட்டியா?" என்பார் என் சித்தி. தோண்டாமல் இருக்க வைப்பதற்குத்தான் சித்தி சம்பளமே.

அமெரிக்காவில் இது பெரிய தொழில். அங்கே 1966இல் வந்த தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தில் 106ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. மத்திய அரசின் பணமோ அனுமதியோ படுகிற எந்த வேலைக்கும் முன்னால், பழைய தடயங்களுக்கு என்ன ஆகும் என்று பார்த்தே ஆக வேண்டும். ரோடு போட்டாலும் சரி, காட்டைக் காப்பாற்றினாலும் சரி. இதை வைத்தே அங்கே ஏகப்பட்ட பேர் வெயிலில் நடந்து பிழைக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் அதே 1966இல்தான் நமக்கும் தமிழ்நாட்டுத் தொல்லியல் சின்னங்கள், தொல்லியல் இடங்களுக்கான சட்டம் வந்தது. அதற்கு முன்பே 1958இல் மத்தியச் சட்டம் இருக்கிறது. 2010இல் திருத்தம் செய்து, பாதுகாக்கப்பட்ட இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் எதுவும் கட்டக் கூடாது, அதற்கடுத்த 200 மீட்டருக்குள் அனுமதியோடுதான் என்று கறாராக எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லாம் அறிவிக்கப்பட்ட இடங்களுக்கு. அறிவிக்கப்படாத மேடு, ஊர்க்காரர்களே மறந்துபோன மேடு, முள் மண்டிப்போய் ஆடு மட்டும் போய்வருகிற மேடு, இதற்கெல்லாம் யாராவது நேரில் போய் நின்று கத்தினால்தான் உண்டு. எங்களைக் கூப்பிடுவதும் பெரும்பாலும் பணம் கொடுக்கிறவர்கள் கேட்பதால்தான். உலக வங்கியின் சுற்றுச்சூழல், சமூகத் தரநிலைகளில் எட்டாவது முழுக்கப் பண்பாட்டு மரபைப் பற்றியது. தோண்டும்போது தற்செயலாக ஏதாவது வந்தால் வேலையை நிறுத்திவிட்டு யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற நடைமுறை முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும் என்கிறது அது. அந்த ஒரு தாள் கோப்பில் இருக்க வேண்டும் என்பதற்காகவே என்னைக் கூப்பிட்டவர்களும் உண்டு. சரி, எப்படியோ உள்ளே போக விட்டால் போதும் என்று போய்விடுவேன்.

இந்தக் கடற்கரையில் கண்ணை மூடிக்கொண்டு குழி போட முடியாது. வைகை கடலைத் தொடும் இடத்தை ஒட்டி அழகன்குளம். அங்கே கோட்டைமேட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1986-87இலிருந்து பல பருவங்கள் தோண்டி, ரோமானியக் காசு, ஆம்போரா ஜாடித் துண்டுகள், தமிழ் பிராமி எழுதிய ஓடுகள், கப்பல் கீறிய ஒரு ஓடு என்று எடுத்திருக்கிறார்கள். கங்கைச் சமவெளியிலிருந்து வந்த வடக்கத்திக் கறுப்பு மெருகுப் பானை கூட அங்கே கிடைத்திருக்கிறது. தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் பெரியபட்டினம். அங்கே வரலாற்று ஆய்வாளர்கள் நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் கள ஆய்வு செய்தபோது 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் அவ்வளவு கிடைத்தது. ராமநாதபுரம் மாவட்டத்துக்குக் கடற்கரை மட்டும் ஏறக்குறைய 237 கிலோமீட்டர், மாநிலக் கடற்கரையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். இந்த நீளத்தில் முறையாகத் தோண்டிப் பார்த்த இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மிச்ச ஊர்களின் பெயரைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். பட்டினம், கோட்டைமேடு, நத்தம், பாழூர். பெயர் தெளிவாகவே சொல்கிறது, நாம்தான் கேட்பதில்லை.

அந்த நிலத்தை மீட்க வந்த தொண்டு நிறுவனத்துக்காரர்கள் நல்லவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் வில்லன் யாரும் கிடையாது. மண் கொள்ளையடிக்க வந்தவர்களோ, பிளாட் போட வந்தவர்களோ இல்லை. உவர் பிடித்துப்போன நாற்பது ஏக்கர் சொச்சத்தை மறுபடி உயிரோடு பார்க்க வேண்டும் என்று வந்தவர்கள். அவர்களுடைய சூழலியல் ஆள் ஒரு பையன், வயது முப்பது இருக்கும். பறவை என்றால் பைத்தியம். மார்கழியில் பூநாரை வந்து இறங்கும் நாளன்று காலை சாப்பாட்டையே மறந்துவிடுவான். அவன் மேலே பார்த்துக்கொண்டு நடப்பான், நான் கீழே பார்த்துக்கொண்டு நடப்பேன், ரெண்டு பேரும் முள்ளில் மாட்டுவோம். அவன் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அவனிடம் ஒருநாள் வரப்பில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். பத்தடிக்குப் பத்தடி இடைவெளியில் கன்று நட்டால் ஏக்கருக்கு 435 கன்று. ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். இந்தியாவில் அகழாய்வு செய்ய உரிமம் வாங்க வேண்டும், தனி ஆள் நினைத்தால் ஒரு சாண் கூடத் தோண்ட முடியாது. வாங்கினாலும் ஒரு குழியை நான்கு பேர் சேர்ந்து பத்து பத்து சென்டிமீட்டராக இறக்கி, சலித்து, வரைந்து, படம் எடுத்து முடிக்க வாரக்கணக்கு ஆகும். நீ ஒரே நாளில் ஏக்கருக்கு 435 குழி போடுகிறாய், எதிலும் என்ன வந்தது என்று எழுதுவதில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "ஆனா அக்கா, நான் மரம்தானே நடுறேன்" என்றான்.

அதுதான் சிக்கலே. வீடு கட்ட வருகிறவனிடம் சண்டை போடுவது சுலபம், மரம் நட வருகிறவனிடம் என்ன சொல்லிச் சண்டை போடுவது? அலையாத்தி நடவும் அப்படித்தான். சும்மா விதையைச் சேற்றில் ஊன்றிவிட்டு வருவதில்லை. உப்பு ஏறி இறுகிப்போன இடத்தில் கடல் தண்ணீர் வந்து போக வேண்டும், அதற்கு நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள் என்று மீன் முள் மாதிரி வெட்டுவார்கள். பிச்சாவரம், முத்துப்பேட்டைப் பக்கமெல்லாம் இந்த முறையில்தான் காடு திரும்பி வந்தது, அருமையான முறை. பெரிய வாய்க்கால் மூன்று அடி ஆழத்துக்குப் போகும். கழிமுகத்தை ஒட்டி மூன்று அடி ஆழத்தில் என்ன இருக்கும்? பழைய துறைமுகங்கள் பெரும்பாலும் கழிமுகத்தில்தானே இருந்தன.

இங்கே என் தவறைச் சொல்ல வேண்டும், தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தால் சொல்லாமல் முடித்துவிடுவேன். அந்த நிலத்தின் கிழக்குப் பகுதி, ஓடையை ஒட்டியது, அதை நான் வைகாசி மாதம் நடந்து பார்த்தேன். ஐந்து பேர், ஆளுக்குப் பத்து மீட்டர் இடைவெளி, கையில் ஜிபிஎஸ், ஓடு தென்பட்டால் ஊன்றுவதற்குச் சின்னக் கொடிகள். முறைப்படிதான் நடந்தோம். ஆனால் வைகாசியில் அந்தத் தரையில் என்ன தெரியும்? கச்சான் காற்று மணலை வாரி வாரிப் போட்டிருந்தது, அதற்கு மேலே கருவேலங்காய்ச் சருகும் முள்ளும் ஒரு விரற்கடைக்குக் கிடந்தது. கொடி ஒன்று கூட ஊன்றவில்லை. அறிக்கையில் "மேற்பரப்பில் தடயங்கள் காணப்படவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். எழுதும்போதே "தரை தெரியவில்லை" என்று எழுதியிருக்க வேண்டும். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம். ஆவணியில் வாய்க்கால் வெட்டினார்கள். ஐப்பசியில் முதல் பெரிய மழை. மழை விட்ட மூன்றாம் நாள் அந்தப் பையன் போனில் ஒரு படம் அனுப்பினான், கூடவே ஒரு கேள்விக்குறி. வாய்க்கால் கரை மேட்டில் வெட்டிப் போட்ட மண், மழையில் கழுவப்பட்டு, முழுக்கச் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. எல்லாம் ஓடு.

போய்ப் பார்த்தேன். வெட்டிப் போட்ட மண்ணில் கிடக்கும் ஓடு எந்த அடுக்கில் எதன் பக்கத்தில் கிடந்தது என்று யாராலும் இனிச் சொல்ல முடியாது, அதை அள்ளிப் பையில் போடலாம், அவ்வளவுதான். மிச்சம் இருந்தது வாய்க்காலின் பக்கச் சுவர். அறுபது மீட்டர் நீளம். அதைக் கரணையால் செதுக்கிச் சுத்தம் செய்து, அடுக்கு அடுக்காக வரைந்து முடிக்க மூன்று நாள் ஆனது, முழங்கால் அளவு தண்ணீரில் நின்றபடி. மேலே ஒரு சாண் காற்று மணல். அதன் கீழே இரண்டு அடிக்குச் சாம்பல் நிற மண், விரலால் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒட்டும், மீன் முள்ளும் சிப்பியும் ஓடும் கலந்து. அதற்கும் கீழே மனிதர் கை படாத வெள்ளை மணல். அந்த இரண்டு அடி ஒரு ஊர். அதற்கு நடுவில் நான் கையெழுத்துப் போட்ட தாளோடு வாய்க்கால் ஓடுகிறது.

அதற்குப் பிறகு நான் கோடையில் நடந்து பார்த்து "இல்லை" என்று எழுதுவதே கிடையாது. மழைக்கு அப்புறம் ஒரு நடை கட்டாயம். வேறு சில பழக்கங்களும் வந்துவிட்டன. எலி வளை, நண்டு வளை பார்த்தால் குனிவேன். நாம் தோண்டக் கூடாது, எலி தோண்டலாம், அதற்கு உரிமம் வேண்டாம். அது வெளியே தள்ளிய மண்ணில் ஒரு ஓடு இருந்தால் கீழே இன்னும் இருக்கிறது என்று பொருள். கறையான் புற்றும் அப்படியே. கைவிட்ட இறால் குட்டைகள் இந்தப் பக்கம் நிறைய, அவற்றின் கரை வெட்டு எனக்கு இலவசமாகக் கிடைத்த அகழாய்வுக் குழி மாதிரி. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை அகற்றச் சொல்லித் தீர்ப்பு சொன்னது, அந்தக் காலத்துக் குட்டைகள் இன்றும் கரை இடிந்து கிடக்கின்றன. சூழலியல்காரர்களுக்கு அவை புண், எனக்கு ஜன்னல்.

சரி, அந்தத் தூர் நின்ற மேட்டுக்கு வருகிறேன். நிலத்தின் நடுவில் மூன்று ஏக்கர் சுமாருக்கு, சுற்றியுள்ள பொட்டலை விட ஓர் ஆள் இடுப்பளவு உயரமான ஒரு மேடு. மேடு என்று சொன்னால்தான் மேடு, இல்லாவிட்டால் கண்ணுக்கே தெரியாது. அதன் மேலே சீமைக்கருவேலம் ஆள் நுழைய முடியாமல் மண்டியிருந்தது. ஆட்டுத்தடம் வழியாகத் தவழ்ந்துதான் உள்ளே போனேன். முதல் நாளே ஒரு சங்குத் துண்டு கிடைத்தது. வெறும் உடைந்த சங்கு இல்லை. சங்கின் நடுத்தண்டு இருக்கிறதே, அந்த முறுக்கு, அதன் ஒரு பக்கம் கத்தியால் வெண்ணெயை வெட்டியது போல் வழவழவென்று தட்டையாக இருந்தது. வெயிலில் சாய்த்துப் பிடித்தால் தட்டையான முகத்தில் மெல்லிய கோடுகள், ஒன்றுக்கொன்று இணையாக, வாள் போய்ப் போய் வந்த தடம். வளையல் அறுக்கும்போது மிஞ்சுகிற கழிவு அது. பக்கத்திலேயே பாதி வளையம் ஒன்று, உள் ஓரம் தேய்க்கப்படாமல் கரகரவென்று, அறுக்கும்போதே உடைந்து கோபத்தில் வீசியிருப்பார்கள் போலிருக்கிறது. கீழக்கரையில் சங்கு குளித்து ஓய்ந்த ஒரு பெரியவரிடம் அந்தத் தண்டைக் காட்டினேன். கையில் வாங்கி எடை பார்த்தார், மூக்கருகே கொண்டு போனார் (ஏன் என்று எனக்குத் தெரியாது), "நல்ல மூப்புச் சங்கும்மா, இப்ப இந்தத் தடிமன் கெடைக்கிறது கஷ்டம்" என்றார்.

மூன்றாம் நாள் ஒரு பீங்கான் துண்டு, கட்டைவிரல் நகம் அளவு, வெளிறிய பச்சை மெருகு. சீனத்து செலடான். பெரியபட்டினத்தில் கிடைத்த வகைதான். ஆக, எழுநூறு வருடத்துக்கு முன்னால் இந்தப் பொட்டலில் உட்கார்ந்து சங்கு அறுத்தவர்கள் சீனத் தட்டில் சாப்பிட்டார்கள், அல்லது சாப்பிடுகிறவருக்கு அறுத்துக் கொடுத்தார்கள்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம் ஐந்தாம் நாள். மேட்டின் தென்மேற்கில் வட்டமாக, எட்டடி அகலத்துக்கு, செங்கல் நிறத்தில் சுட்ட மண். நடுவில் கரி. உலை என்று முடிவு கட்டிவிட்டேன். இரும்பு உருக்கினார்களா, சூளையா, கரியை அனுப்பினால் காலக் கணிப்பு வருமா என்றெல்லாம் மனசு ஓடிக்கொண்டிருந்தபோது விறகு பொறுக்க வந்த ஒரு அப்பத்தா பக்கத்தில் வந்து நின்றார். "என்ன தாயி, தரையப் போட்டாப் புடிக்கிற?" சொன்னேன். பாக்கை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுச் சிரித்தார். "அது எங்க மாமனாரு போட்ட மூட்டம்ல. நானும்ல தண்ணி தெளிச்சேன்."

கரிமூட்டம். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண்ணும் வைக்கோலும் பூசி, நாள் கணக்கில் புகையவிட்டுக் கரியாக்குவது. ராமநாதபுரம் மாவட்டத்தில் மழை பொய்த்த வருடங்களில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது அதுதான். நான் உலை என்று நினைத்தது எழுபதுகளின் வேலை. அந்தக் கரியைக் காலக் கணிப்புக்கு அனுப்பியிருந்தால் ஆய்வகத்தில் என்னைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள் என்று நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது. அன்றைக்கு அந்த அப்பத்தாவை விடவில்லை. மேடு முழுக்க என்னோடு நடந்து, இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று பதினோரு மூட்டத் தடங்களைக் காட்டிக் கொடுத்தார். போகிற போக்கில், "இந்தத் திட்டுல சின்னப்புள்ளையில சில்லு பொறுக்குவோம், நல்ல வட்டமா இருக்கும்" என்றார். அப்போது அதைக் குறித்துக்கொண்டேனே தவிர யோசிக்கவில்லை.

இப்போது முள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. சீமைக்கருவேலத்தைத் திட்டாத ஆள் இந்த மாவட்டத்தில் கிடையாது. நிலத்தடி நீரைக் குடிக்கிறது, வேறு செடியை விடுவதில்லை, கண்மாயையெல்லாம் விழுங்கிவிட்டது. நானும் திட்டியிருக்கிறேன், கையில் தழும்பு இருக்கிறது. ஆனால் அந்த மேட்டை இவ்வளவு நாள் யார் காப்பாற்றினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நாற்பது ஐம்பது வருடமாக உழவில்லை, வீடு கட்டவில்லை, செம்மண் என்று யாரும் அள்ளிப் போகவில்லை, புதையல் தேடி எவனும் உள்ளே நுழையவில்லை. எந்த அரசாணையும் இல்லாமல், வேலிக்கு ஒரு ரூபாய் செலவில்லாமல் அந்த முள் காத்திருக்கிறது. அதன் வேர் ஓடுகளுக்கு நடுவே புகுந்து அடுக்குகளைக் கொஞ்சம் கலைத்திருக்கும்தான். ஆனால் வேர் கலைத்தது கொஞ்சம். ஜேசிபி அந்தத் தூரைப் பெயர்த்து எடுக்கும்போது ஒரு கட்டில் அளவுக்குக் குழி விழும், அந்தக் குழியில் ஓர் அடுக்கு கூடத் தப்பாது. ஏக்கருக்கு எத்தனை தூர்?

நம் மொழியில் இந்த ஒரு சொல் ரெண்டு வேலை செய்கிறது. மரத்தின் அடியும் தூர், கண்மாயின் அடியில் படிந்ததும் தூர். ஒன்றைப் பிடுங்குவது, மற்றதை வாருவது. எனக்கு ரெண்டுமே தலைவலி. இது தண்ணியில்லாக் காடு என்று பெயர் வாங்கிய சீமை, இங்கே கண்மாய் தூர் வாரக் கூடாது என்று சொல்லும் அளவுக்கு நான் புத்தி கெட்டவள் இல்லை. 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று ராஜசிங்கமங்கலம் கண்மாயைச் சொல்வார்கள், அந்த மாதிரிக் கண்மாயில் வண்டல் ஏறிக் கிடந்தால் அது சம்சாரிக்கு எவ்வளவு பெரிய அநியாயம். ஆனால் கண்மாய் உள்வாய் ஓரங்களில்தான் முதுமக்கள் தாழிகள் புதைந்திருக்கும், பழைய ஆட்கள் விளையாத ஓரத்தில்தானே புதைத்தார்கள். வண்டல் அள்ளிய டிராக்டர் போன பாதையிலேயே கறுப்பு சிவப்பு ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் நடந்திருக்கிறேன். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு, கவிழ்த்து வைத்துச் சுட்டதால் வருகிற நிறம். சாகாமல் கிடந்த கிழடுகளைச் சோறு தண்ணியோடு தாழிக்குள் வைத்துவிடுவார்களாம் என்று எந்த ஊருக்குப் போனாலும் யாராவது ஒருவர் எனக்குப் பாடம் எடுப்பார். எலும்பையும் பானையையும் வைத்துப் பார்த்தால் அப்படியெல்லாம் இல்லை என்று ஆரம்பத்தில் மறுத்துக்கொண்டிருந்தேன், இப்போது தலையாட்டிவிட்டு, அந்தத் தாழி எந்தப் பக்கம் கிடந்தது என்று மட்டும் கேட்கிறேன்.

தூருக்கு முன்னால் குந்தியிருந்தேன் இல்லையா. ஓட்டுநர் அண்ணன் இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். "புதையலா மேடம்?" மெதுவாகத்தான் கேட்டார். கீழடிக்குப் பிறகு எல்லோருக்கும் இந்த வேலை ஓரளவு தெரிந்துவிட்டது, ஆனாலும் ரகசியக் குரலில் இந்தக் கேள்வி வராத இடம் இல்லை. இல்லை அண்ணே, உடைஞ்ச சங்குதான் என்று கையில் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தார், ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது. புதையல் என்றே இருந்தாலும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட முடியாது. 1878ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணுக்குள் கிடைத்தாலும் கலெக்டரிடம் சொல்ல வேண்டும். அந்தப் பத்து ரூபாயை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் ஊர்ப் பெயரை நான் சொல்லாததற்குக் காரணம் அந்தக் குரல்தான். அவர் நல்ல மனிதர். அந்தக் குரலோடு ராத்திரி கடப்பாரை எடுத்துக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு அகப்பட்ட மேடுகளை நான் பார்த்திருக்கிறேன், ஆளுயரக் குழியும் காலி பிராந்தி பாட்டிலும்தான் மிச்சம்.

அப்புறம் பேச்சு வார்த்தை. ஒரு மாதம் ஆனது. நிறுவனத்தின் தரப்பில், வெட்டிவிட்டுத் தூரை விட்டால் தளிர்க்கும், தளிர்த்தால் திட்டமே தோல்வி என்றார்கள். என் தரப்பில், பிடுங்கினால் மேடு போச்சு. மண்ணெண்ணெய் ஊற்று, மருந்து தடவு என்று ஆளாளுக்கு ஒரு யோசனை. மருந்து மண்ணில் இறங்கினால் பின்னால் ஒரு நாள் அங்கே ஆய்வு செய்ய வருகிறவருக்கு மண் மாதிரி கெட்டுவிடும் என்று அதற்கும் நான் குறுக்கே நின்றேன். அந்தக் கூட்டத்தில் என்னைப் பார்த்தாலே எரிச்சலாக இருந்திருக்கும். கடைசியில் வழி சொன்னது அந்த அப்பத்தாதான், அவர் கூட்டத்துக்கு வந்தது டீக்காக. "தழைச்சாத் தழைக்கட்டும். தழைக்கத் தழைக்க நாங்க அறுத்துக்கிறோம், எங்களுக்கு வெறகு." பச்சையே வெளியே தெரியாமல் திரும்பத் திரும்ப ஒடித்துக்கொண்டிருந்தால் தூர் இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும் என்று அந்தப் பையனும் யோசித்துப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டான். முடிவு இப்படி ஆனது: மேட்டில் ஜேசிபி ஏறாது. அருவாளால் தரையோடு வெட்டு. விறகு ஊருக்கு. மூட்டம் மட்டும் மேட்டில் போடக் கூடாது, கீழே பொட்டலில் போட்டுக்கொள்ளலாம். மேட்டுக்கு வெளியே ஜேசிபி தூரைப் பிடுங்கலாம், நான் பக்கத்தில் நிற்பேன். மேட்டின் மேல் கன்று கிடையாது, உடை மரம் கூடக் கிடையாது. அதுதான் அந்தப் பையனுக்கு வலித்தது, குடை விரித்தது மாதிரி நிற்கிற உடை மரம்தான் இந்தக் கரையின் சொந்த மரம், மேடு அதற்குத் தோதான இடம். ஆனால் அதன் வேர் இறங்குகிற இறக்கத்துக்கு என் சாம்பல் மண் தாங்காது. புல் மட்டும் போதும் என்று முடிந்தது. வருட அறிக்கையில் ஆயிரத்து முந்நூறு கன்று குறைந்தது. அதை மேலே யாரிடமோ விளக்குகிற பொறுப்பு அவன் தலையில் விழுந்தது, எனக்கு இன்னும் அது உறுத்தல்தான்.

இன்னொன்று. 2011இலேயே கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் அலையாத்தி, பவளப்பாறை, ஆமை முட்டையிடும் இடம் என்று அடுக்கிய அதே முதல் வகைப் பட்டியலில் தொல்லியல் முக்கியத்துவம் உள்ள இடங்களையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். ஒரே பட்டியல், ஒரே பத்தி. காகிதத்தில் நானும் அந்தப் பையனும் ஒரே கட்சி.

இந்த வருடம் கார்த்திகை மழை முடிந்து போயிருந்தேன். மேடு இப்போதுதான் மேடாகத் தெரிகிறது. முள் போன இடத்தில் கோரையும் பேர் தெரியாத புல்லும். தூர்கள் அங்கங்கே மொட்டையாக, பாதி தளிரோடு, பாதி செத்து. தளிரையெல்லாம் ஒடித்து ஓரமாகக் குவித்திருந்தார்கள். ஓட்டுநர் அண்ணன் வேறு வேலைக்குப் போகிற வழியில் என்னைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தி, "என்ன மேடம், தழைக்குதா?" என்று கேட்டார். தழைக்குதுதான் அண்ணே என்றேன். "சொன்னேன்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பத்தா வீட்டு வாசலில் பேத்தி கோடு கிழித்துப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். அவள் எறிந்த சில்லு என் செருப்புப் பக்கம் வந்து விழுந்தது. எடுத்தேன். சிவப்புப் பானை ஓடு, ஓரம் சுற்றிலும் தேய்த்து வட்டமாக்கியது. உடைந்து வட்டமானதில்லை, யாரோ உட்கார்ந்து தேய்த்தது. கீழடியிலும் இந்த வட்டச் சில்லுகள் வந்திருக்கின்றன, ஆடத்தான் என்றுதான் பலரும் சொல்கிறார்கள். மேட்டில் மழைத் தண்ணீர் அறுத்த இடத்தில் எடுத்தாளாம். அளந்தேன், 4.2 சென்டிமீட்டர். படம் எடுத்தேன். இதை எனக்குக் குடு, வேற தர்றேன் என்று கூரை ஓட்டுத் துண்டு ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். ரெண்டு தரம் எறிந்து பார்த்தாள். கோட்டில் விழாமல் உருண்டு போனது. "இது உருளுது அத்தை. அதத் தாங்க." கொடுத்துவிட்டேன்.

பதிவேட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே 'தற்போதைய நிலை' என்று ஒரு கட்டம் இருக்கும். உடைந்தது, முழுமை, தேய்ந்தது என்று ஏதாவது எழுதுவோம். நான் 'பயன்பாட்டில் உள்ளது' என்று எழுதி அனுப்பினேன். அப்படி ஒரு வகை கிடையாது, திருத்தி அனுப்பவும் என்று பதில் வந்திருக்கிறது. இன்னும் அனுப்பவில்லை.